நெற்றிக்கு ஏறிய கண்ணாடி

அக்டோபர் 7, திங்கள்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்குப் பதில் வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை, திருத்திக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நயினார் சார் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டி மூன்றே கேள்விதான் என்று சிரித்தார். என் வழிகாட்டி அவர். சிரித்துப் பார்ப்பது அபூர்வம்.

மூன்றில் இரண்டு சில்லறைக் கேள்வி. நடுவில் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. படலத்தை வெளிப்பக்கமாக வளைத்து அளந்திருக்கிறீர்கள், உள்பக்கமாக வளைத்தால் என்ன ஆகும் என்று காட்டவில்லையே என்கிறார் யாரோ ஒரு மதிப்பீட்டாளர். கேட்பதற்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது.

படலம் என்று நான் சொல்வது விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர்த் தாள். அப்பளத்தைவிடச் சற்றுத் தடிமன். உள்ளே ஒரு சாயமும், கண்ணுக்குத் தெரியாத வெள்ளிக் கம்பிகளும் கலந்து கிடக்கின்றன. சாதாரண லேசர் என்றால் இரண்டு முனையிலும் கண்ணாடி வேண்டும், ஒளி அவற்றுக்கிடையே போய்வந்து பலம் பெற. எங்களுடையதில் கண்ணாடியே கிடையாது. பெரிய லேசரிலிருந்து வரும் பச்சைத் துடிப்பு தாளில் விழுந்ததும் சாயம் ஒளிரும். அந்த ஒளி வெள்ளிக் கம்பிகளில் முட்டி மோதி, வழி தெரியாமல் சுற்றி, அந்தச் சுற்றலிலேயே பலம் பெற்று ஆரஞ்சு லேசராக வெளியே வரும். தாளை வளைத்தால் அதன் நிறம் இம்மியளவு நகரும். நாளைக்குத் தோலில் ஒட்டி நாடித்துடிப்பை அளக்கலாம் என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறோம். கடைசிப் பத்தியில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஆய்வேட்டை டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கொடுத்தாக வேண்டும். வாங்குகிற கால நீட்டிப்பெல்லாம் வாங்கியாகிவிட்டது. கட்டுரை ஏற்கப்படாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். ஆக, உள்பக்க வளைவு.

வீட்டில் சொன்னேன். சுடலைமணி ஜங்ஷனில் ப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். தானும் நாளெல்லாம் வளைகிற தாளைத்தான் கட்டி அழுவதாகவும், தனக்கு ஒருவரும் டாக்டர் பட்டம் தர முன்வரவில்லை என்றும் சொன்னார். என் புருஷனுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை வராது.

அக்டோபர் 8, செவ்வாய்

ஷெர்லினுக்குப் படலம் பொருத்தக் கற்றுக்கொடுத்தேன். வள்ளியூர்ப் பெண், முதல் வருட ஆய்வு மாணவி. கை நடுக்கமே இல்லை. எனக்கு முதல் வருடத்தில் அப்படி இல்லை.

பாதுகாப்புக் கண்ணாடி ஆரஞ்சு நிறம். பச்சையை முழுக்க மறைத்துவிடும், அதற்குத்தானே அது. ஆனால் பச்சைப் புள்ளி தாளில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்காமல் எப்படிப் பொருத்துவது? அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம். லேசரைக் குறைந்த சக்தியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புள்ளியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்ததும் கீழே இறக்குவது. சார் அப்படித்தான் செய்வார். அவர் எனக்குச் சொல்லித் தந்தார். நான் இன்று ஷெர்லினுக்கு.

முதலில் தயங்கினாள். சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறையைக் காட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேத்தி எடுத்த பிறகுதான் பட்டம் கிடைக்கும் என்றேன். சிரித்துவிட்டு ஏற்றினாள்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் துறையில் இன்றே ஆயுத பூஜை. லேசர்ப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கண்ணாடிகளையும் துடைத்து வரிசையாக வைத்து அவற்றுக்கும் பொட்டு. பொரி, கடலை, சுண்டல். சுண்டலில் உப்பே இல்லை, யார் செய்தார்களோ.

பூஜை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, திங்கள்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று சார் சொல்லிவிட்டார். அவருக்கு இதில் நம்பிக்கை உண்டு. தவிர, இரண்டு பேர் இல்லாமல் லேசரைப் போடக்கூடாது என்பது வருடம் முழுக்க உள்ள விதி.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேற்றுச் செய்த படலங்கள் மாதிரி நன்றாக வந்ததே இல்லை. வெள்ளி காற்றுப்பட்டால் கறுத்துவிடும், கொலுசு கறுப்பதைப் போல. திங்கட்கிழமை அவற்றை எடுத்துக் குப்பையில்தான் போட வேண்டும். லேப் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

சார் வரச் சொன்னார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். வாசல் காவலர் பூஜை அன்றுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கிடைத்தது. உள்பக்கம் வளைத்தபோது, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சக்தியிலேயே லேசர் கிளம்பிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் வரைகோடு ஊசி ஊசியாக எழும்பி நின்றதைப் பார்த்து நானே கைதட்டிக்கொண்டேன், பைத்தியக்காரி மாதிரி.

கடைசிப் படலம் பிடியில் சரியாக உட்காரவில்லை. கையால் பிடித்து வளைத்துப் பார்த்தேன். சக்தியைக் குறைக்க மறந்துவிட்டேன். அடிப்பக்கம் வெள்ளி படிந்து பளபளவென்றிருக்கும். உள்பக்கம் வளைந்தால் கரண்டிக் குழி மாதிரி ஒளியைக் குவித்துத் திருப்பி அனுப்பும். ஒரு பச்சை மின்னல். காதுக்குள் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டதுபோல் இருந்தது. வலது கண்ணில் லேசாகப் பட்டிருக்கும் போல. கண்ணாடி நெற்றியில் இருந்தது.

வலி ஒன்றும் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. பாயசம் வைத்தேன். கேமரா ஃப்ளாஷ் அடித்த பிறகு கண்ணுக்குள் ஒரு புள்ளி மிதக்குமே, அந்த மாதிரி ஒன்று நேற்றிலிருந்து இருக்கிறது. போய்விடும்.

அக்டோபர் 14, திங்கள்

சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். எப்போது எடுத்தாய் என்று கேட்டார். புதன்கிழமை மாலை, ஷெர்லின் கிளம்புவதற்கு முன் என்று சொல்லிவிட்டேன். ஷெர்லின் பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தன் நோட்டைப் பார்த்தாள். அதை மூடி வைத்துவிட்டாள். நல்ல பெண்.

இன்னும் ஒரே ஒரு வளைவுக்கு அளவெடுத்தால் போதும், கேள்வி அடைபட்டுவிடும் என்றார் சார்.

அக்டோபர் 19, சனி

காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். இது இந்த வாரத்தில் எத்தனையாவது தடவை என்று கேட்டு, டம்ளரை நகர்த்தி வைத்து விளையாட்டுக் காட்டினார் சுடலைமணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயத்தைச் சொட்டுக்குழாயால் எடுக்கும்போதும் குப்பியின் விளிம்பில் இடிக்கிறது. தூக்கம் போதவில்லை. கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிப் பல வருடம் ஆகிறது, அதுவாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 26, சனி

இன்று அடுப்படி ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு இடது கண்ணைப் பொத்தினேன். இவ்வளவு நாள் ஏன் செய்யவில்லை என்று எனக்கே தெரியும்.

ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை. காலண்டரில் இருபத்தாறு என்ற எண்ணை நேராகப் பார்த்தால் எண்ணே இல்லை, சுற்றியிருக்கிற கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. சுடலைமணி உள்ளே வந்து என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். திரும்பினேன். காது இருந்தது, தலைமுடி இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. முகம் இல்லை.

கையை எடுத்துவிட்டேன். முகம் வந்துவிட்டது.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன், குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆனது என்று கேட்பார்கள். ஆயுத பூஜை அன்று, தனியாக, விதியை மீறி, கண்ணாடி இல்லாமல் என்று நான் சொல்ல வேண்டும். திருத்திய கட்டுரை போகட்டும். அதன் பிறகு போகலாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இரண்டு தெரு தள்ளி ஒரு பையனுக்குக் கம்பி மத்தாப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். பாவம். தீபாவளிக்கு மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் நிற்க இடம் இருக்காது, எல்லாம் பட்டாசுதான் என்று சுடலைமணி சொன்னார்.

அதைக் கேட்டதிலிருந்து ஒன்றே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டாசு என்று நானும் சொல்லலாமே.

நவம்பர் 2, சனி

கண் சரியாகத் தெரியவில்லை என்று காலையில் அவரிடம் சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். கடையைத் திறக்காமல் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி முழுக்கக் கட்டுப்போட்ட குழந்தைகள்.

சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு பெரிய கருவியில் தாடையை வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் என் வயதுக்காரப் பெண். எப்படி ஆனது என்று கேட்டார். புஸ்வாணம் திடீரென்று வெடித்துவிட்டது என்றேன். சுடலைமணி பக்கத்து நாற்காலியில் இருந்தார். தீபாவளி அன்று நான் ஒரு வெடியைக்கூடத் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

டாக்டர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெளிய ஒரு கீறல்கூட இல்லம்மா. பட்டாசு இப்படி நேரா உள்ள போயிச் சுடாது. லேசர் லைட் எதுவும் கண்ணுல பட்டுச்சா?"

இல்லை என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. விழித்திரையில், நாம் எதையும் நேராகப் பார்க்கப் பயன்படுத்துகிற நடு இடத்தில், ஓட்டை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் ஓட்டை மூடலாம், மூடினாலும் பார்வை பழையபடி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. இப்போதே ரொம்பத் தாமதம். எதனால் பட்டது என்று யோசித்து, ஞாபகம் வந்தால் வந்து சொல்லுங்கள் என்றார், கடைசி வார்த்தையை மெதுவாக.

திரும்பி வரும்போது கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை, முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"வெடிச் சத்தத்துக்குப் பயந்து நீ ரூம விட்டே வெளிய வரல. யாரக் காப்பாத்துத நீ?"

பாலத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, பூஜை, கறுத்துப்போகிற வெள்ளி, நெற்றியில் இருந்த கண்ணாடி. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது கைவந்த விஷயம். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ரெண்டு கண்ணாலும் இனி பார்க்கவும் போவதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. சாப்பிட வா, சாவி எங்கே, அவ்வளவுதான்.

என் கணக்கு இது. நான் சொன்னால் லேபை மூடுவார்கள். விசாரணை வரும். சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார், அவர் பெயரில்தான் கறை விழும். ஷெர்லினின் உதவித்தொகை சாரின் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து வருகிறது. ஒருவர் கண் போனதற்கு மூன்று பேர் பிழைப்பு போக வேண்டுமா? டிசம்பர் முடியட்டும். ஆபரேஷனும் ஜனவரியில்.

இதைச் சுடலைமணியிடம் சொன்னேன். கண்ணு ஒன்னோடது, நீயே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 8, வெள்ளி

மிச்சமிருந்த வளைவுக்கு அளவெடுத்தோம். என்னால் பொருத்த முடியவில்லை. புள்ளி எங்கே விழுகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கை சொல்ல மாட்டேன் என்கிறது. தலைவலி என்று சொல்லி ஷெர்லினைச் செய்யச் சொன்னேன். ஜாக்கிரதையாகச் செய் என்றும் சொன்னேன்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் ஊசிகள் எழும்பின. நல்ல கை அவளுக்கு. என்னைவிட நல்ல கை.

ஒரு படலத்துக்கு மட்டும் அளவு தெளிவில்லாமல் வந்தது. அதை அடுத்த வாரம் திரும்ப எடுக்க வேண்டும்.

நவம்பர் 13, புதன்

இன்று நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

அதே படலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கம்ப்யூட்டரில், ஷெர்லின் மேசையில். படலம் பிடியில் உட்காரமாட்டேன் என்கிறது அக்கா, கையில் பிடித்துப் பார்க்கவா என்று கேட்டாள். ம் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

திரும்பினேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது. இரண்டு விரலால் தாளைப் பிடித்து உள்பக்கமாக வளைத்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு. நான் அப்படித்தான் நிற்பேன். அதையும் சேர்த்துப் படித்திருக்கிறாள்.

பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். லேசர் செத்தது. கை இடித்ததில், வெளிவரும் ஒளியின் நிறத்தை அளக்கிற நிறமானி மேசையிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நிறமானி.

அவள் அதிர்ந்துபோய் நின்றாள். எதற்காக அணைத்தேன், அளவு வந்துகொண்டிருந்ததே என்றாள். கண்ணாடியை ஏன் ஏற்றினாய் என்று கத்தினேன். லேபே அதிர்ந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

"நீங்கதானக்கா சொல்லித் தந்தீங்க."

அவள் சொன்னது உண்மை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். இடது கண்ணை என் கையால் மூடிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தேன். உன் முகம் எனக்குத் தெரியவில்லை ஷெர்லின், உன் கம்மல் தெரிகிறது, உன் தோள் தெரிகிறது, முகம் இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை என்றேன். ஆயுத பூஜை அன்று என்ன நடந்தது என்று சொன்னேன். புதன்கிழமை எடுத்தது என்று சாரிடம் பொய் சொன்னதையும்.

போன வெள்ளிக்கிழமை நான் ஏன் உன் பக்கம் திரும்பவில்லை தெரியுமா, திரும்பினால் உன் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் என்றும் சொன்னேன். இதை இங்கே எழுதும்போது கை கூசுகிறது. அன்று எழுதவில்லை.

தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியின் பட்டையைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இருக்க வேண்டியதுதானே.

நவம்பர் 14, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே கையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். என் கண்ணைப் பற்றித்தான் முதலில் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். நல்ல டாக்டரிடம் காட்டலாம், மதுரைக்குப் போகலாம், தானே கூட வருவதாகச் சொன்னார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார்.

"டிசம்பர் முடியட்டும்மா. ஆய்வேட்டக் குடுத்துரு. அதுக்கப்புறம் சொல்லிக்கிடலாம். மூணு பேரு பிழைப்பு பாரு இது."

கெட்ட மனிதர் இல்லை அவர். முதல் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புதிதில்லை. போன வாரம் இந்த நாட்குறிப்பில் நானே எழுதியது. எழுதியபோது அது நியாயமாகத்தான் இருந்தது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது, டிசம்பர் முடிவதற்குள் ஷெர்லின் எத்தனை தடவை அந்த மேசை முன்னால் நிற்பாள் என்றுதான் தோன்றியது.

நாளைக்குப் பதிவாளரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன் சார் என்றேன். அவர் திரும்பவில்லை. சரி, போ என்றார். கதவுவரை போன பிறகு, அதை உனக்குச் சொல்லித் தந்தது நான்தானே என்று கேட்டார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

பதிவாளர் அலுவலக வராந்தாவில் காத்திருந்தபோது சார் படியேறி வந்தார். சவரம் செய்யவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டதும் எனக்கு முன்னால் எழுந்துபோய், அவர்தான் முதலில் பேசினார். என் லேப், நான் பொறுப்பு, இந்தப் பெண் செய்தது நான் செய்ததைப் பார்த்து என்றார்.

மத்தியானத்துக்குள் லேபைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது முதல் உத்தரவு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுடலைமணி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார். குழம்பைத் தானே ஊற்றினார். ஆபரேஷனுக்கு என்றைக்குப் போகலாம் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன்.

நவம்பர் 18, திங்கள்

அதே டாக்டர். லேசர்தான் என்றேன். தெரியும் என்றார். இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன். பிறகு சில நாள் குப்புறத்தான் படுக்க வேண்டுமாம். சுடலைமணி அதற்கு ஒரு பெஞ்சு செய்கிறேன் என்று கடையில் பேனர்ச் சட்டத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆய்விதழ் ஆசிரியருக்கும் எழுதிவிட்டேன். நடுக்கேள்விக்குப் பாதிப் பதில்தான் தர முடியும், மீதியை எடுக்க முடியாது, காரணம் இது என்று. டிசம்பர் முப்பத்தொன்று வரும், போகும். மனசு ஆறவில்லை. ஏழு வருடம் உழைத்தது. ஆறும் என்று சொல்கிறார்கள், பார்ப்போம்.

நவம்பர் 20, புதன்

இன்று சாருக்கும் ஷெர்லினுக்கும் பரிசோதனை. நானும் கூடப் போனேன். சாருக்கு ஒன்றுமில்லை, லேசாகக் கண்புரை. இத்தனை வருடம் தப்பித்திருக்கிறார்.

ஷெர்லினை உள்ளே கூப்பிட்டுப் போனவர்கள் சீக்கிரம் விடவில்லை. பிறகு டாக்டர் என்னையும் கூப்பிட்டார்.

திரையில் அவள் இடது கண்ணின் படம். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு. சுட்ட தழும்பு, புதியது, சில வாரத்துக்குள் பட்டது என்றார் டாக்டர். பார்வையைப் பாதிக்காத இடம். ஒரு மயிரிழை இந்தப் பக்கம் பட்டிருந்தால் வேறு கதை.

எப்போது என்று நான் கேட்டேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த வெள்ளிக்கிழமைக்கா. பச்சையா ஒண்ணு அடிச்சிச்சு. சொன்னா அளவு எடுக்கது நின்னு போயிரும்னு சொல்லல. ஒங்களுக்கு டிசம்பர்ல குடுக்கணுமே."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமை. எழுந்துபோய் வராந்தாவில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதேன். என் கண் போனது தெரிந்தபோது எனக்கு இப்படி அழுகை வரவில்லை. சார் கொஞ்ச தூரம் தள்ளி நின்றார். பக்கத்தில் வர அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஷெர்லின் வெளியே வந்ததும், வீட்டில் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா பயந்துவிடுவாள், வேண்டாம் என்று கெஞ்சினாள். அப்பா இல்லாத வீடு. அம்மா வள்ளியூரில் தையல் வேலை செய்கிறார். நம்பரைப் போட்டுக் கொடு, நான் பேசுகிறேன் என்றேன்.

நான் பேச்சியம்மாள், ஷெர்லினோடு லேபில் வேலை செய்கிறேன் என்று ஆரம்பித்ததுமே அந்த அம்மாவுக்குக் குரல் மலர்ந்துவிட்டது.

"பேச்சியக்காவா? ஒங்களப் பத்தித்தான் நாள் பூரா பேசுவா. நீங்க கூட இருக்கியன்னுதாம்மா நான் நிம்மதியா தூங்குதேன்."

தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

ஆயுத பூஜையிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கண்ணாடியை ஏற்றச் சொல்லித் தந்தது நான், தலைவலி என்று பொய் சொல்லி அவளை நிறுத்தியது நான், திரும்பிப் பார்க்காமல் இருந்ததும் நான் என்று. முடித்த பிறகு, பிள்ளைக்குக் கண் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும், டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.

வையப்போகிறார் என்று காத்திருந்தேன். வைதால் வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிட்டதே.

"ஒங்க கண்ணு போனது ஒங்க அம்மைக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

இன்னும் சொல்லவில்லை என்றேன்.